பதினெட்டாவது அங்கி

காலைல பத்து மணி அஞ்சு நிமிஷம், மேடம். வெள்ளை அங்கி பதினெட்டு. பேரு இருக்கிற இடத்துல தொட்டிக்காரர்னே போட்டுக்கோங்க, இருபத்தாறு வருஷமா இந்தச் சபையில யாரும் என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத் தொட்டியைக் கழுவறது, நிரப்பறது, சூடு பண்றது, வடிச்சு விடறது. அதான் என் வேலை.

ஒரே ஒரு உதவி மேடம். அங்கியைப் பதினேழுன்னு எழுதிக்கிட்டீங்கன்னா ஒண்ணை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். ஐயையோ, கோபப்படாதீங்க. நீங்க கோர்ட்டு அனுப்பின கமிஷனர், உள்ள இருக்கிறதை இருக்கிறபடி எழுதணும், அது தெரியாமலா கேக்கறேன். சரி, மத்ததை முடிங்க. கடைசியில திரும்பவும் கேப்பேன். நாலு மணிக்குள்ள எனக்கு அது வேணும்.

பார்த்து வாங்க, தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. நாற்காலி நூத்திப் பன்னெண்டு, அதுல ஒம்பது உடைஞ்சது. இந்த டிசம்பர் அஞ்சாம் தேதி, இயேசு கடவுளா இல்லையான்னு தீர்த்து வைக்கிறதுக்காக உடைஞ்சது. சிரிக்கிறீங்க. நான் சிரிக்க மாட்டேன். மைக் ஸ்டாண்டு ஒண்ணு, வளைஞ்சது. அது வளைஞ்ச இடம் பாஸ்டரோட தோள்பட்டை. அடிச்சது என் மச்சான் கட்சி ஆளு. அன்னிக்குத்தான் போலீஸ் வந்து எல்லாரையும் வெளிய தள்ளி, கதவுக்கு சீல் வெச்சாங்க. வாசல்ல காவலுக்கு என்னை உக்கார வெச்சாங்க. ரெண்டு கட்சியும் நம்பற ஒரே ஆளு நான்தானாம்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த அண்ணன். கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சும்மா இருக்க முடியலை மனுஷனுக்கு. விடைத்தாள் திருத்தற மாதிரி சிவப்புப் பேனாவோட வேதத்தைப் படிக்க உக்காந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை நடுவுல எழுந்து நின்னாரு. இயேசு கடவுள் இல்லை, கடவுள் அனுப்பின பிள்ளை; பிள்ளைன்னா அப்பாவுக்கு அப்புறம்தானே வந்திருக்கணும்னாரு. பாஸ்டர் விடுவாரா? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூணு பேரும் சமம், மூணு பேரும் ஒரே கடவுள், இதை ஒத்துக்காதவன் கிறிஸ்தவனே இல்லைன்னாரு. அன்னிலேருந்து சபை ரெண்டு.

கரும்பலகை ஒண்ணு. அழிக்காம அப்படியே எழுதிக்கோங்க மேடம், ரெண்டு பேர் கையெழுத்தும் அதுல இருக்கு. ஒரு சனிக்கிழமை இங்க பெரிய விவாதம் வெச்சாங்க. மச்சான் வந்து ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணும் கூட்டினா மூணுன்னு எழுதினாரு. பாஸ்டர் சாக்பீஸைப் பிடுங்கி, ஏன் கூட்டறே, பெருக்கிப் பாரு, ஒண்ணுதான்னு எழுதினாரு. கை தட்டறாங்க, விசில் அடிக்கிறாங்க. பிடிபடறதுக்கு முன்னாடி இயேசு தோட்டத்துல ரத்தமா வேர்வை கொட்ட யார்கிட்ட ஜெபம் பண்ணாரு, தன்கிட்டயேவான்னு மச்சான் கேக்கறாரு. சந்தேகப்பட்ட சீஷன் காயத்தைப் பார்த்துட்டு என் கடவுளேன்னு சொன்னப்ப, அவரு ஏன் மறுக்கலைன்னு பாஸ்டர் கேக்கறாரு. கேள்வி ரெண்டுமே நல்ல கேள்விதான் மேடம், நான் குறை சொல்ல மாட்டேன். படிச்சவங்க எத்தனையோ நூறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். ஆனா கேட்ட மூஞ்சிகளை நான் பார்த்தேன். பதில் வேணும்னு கேட்ட மூஞ்சி இல்லை அதுங்க. எதிராளி வாயை அடைக்கணும். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி அன்னிக்குக் கடைசி வரிசையில இருந்தா. தையக்காரி. இந்த அங்கி அத்தனையும் அவ தைச்சதுதான். வீட்டுக்குப் போற வழியில, உனக்கு என்ன புரிஞ்சதுன்னு கிண்டலாக் கேட்டேன். நான் கும்பிடறது, சிலுவையில தொங்கிக்கிட்டு தாகமா இருக்குன்னு சொன்னாரே, அவரை. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னா. இதைப் போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லேன்னேன். சொன்னா அதுக்கும் ஒரு கணக்குப் போடுவாருன்னா.

இந்தப் பக்கம் வாங்க. இதான் தொட்டி. நீளம் பத்தடி, ஆழம் நாலடி, படி அஞ்சு. இந்த மூணாவது படி வழுக்கும்.

இங்க எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முழுக்கு, அதான் ஞானஸ்நானம், எடுக்கறவங்க முதப் படியில நின்னு என்னைப் பார்ப்பாங்க. தண்ணி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நான் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். கை விரலுக்குச் சூடு சரியாத் தெரியாது, முழங்கைக்குத்தான் தெரியும். வெதுவெதுன்னு இருந்தா இறங்குன்னு சொல்வேன், இல்லைன்னா இருன்னு சொல்வேன். நான் சொல்லாம பாஸ்டரே இறங்க மாட்டாரு. இருபத்தாறு வருஷத்துல தப்பாச் சொன்னதில்லை.

வழக்குக்கு வரேன். கட்டடம் யாருக்கு? பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு. டிசம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள ரெண்டு பேரும் உறுப்பினர் பட்டியல் குடுங்கன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. உறுப்பினர்னா யாரு? இங்க முழுக்கு எடுத்தவங்க. எந்த முழுக்கு? அங்கதான் ஆரம்பிச்சுது அசிங்கம். பாஸ்டர் முழுக்கு மூணு, பிதாவுக்கு ஒண்ணு, குமாரனுக்கு ஒண்ணு, ஆவிக்கு ஒண்ணு. மச்சான் முழுக்கு ஒண்ணே ஒண்ணு, கடவுள் ஒருத்தர்தானே. நீ எடுத்தது செல்லாது, வா, திரும்பவும் எடுன்னு வீடு வீடாப் போய் ஆள் பிடிச்சாங்க மேடம், ரெண்டு பேரும். காலைல ஒத்தை முழுக்கு, மத்தியானம் மூணு முழுக்கு. ஒரே ஆளை ஒரே வாரத்துல ரெண்டு பக்கமும் முக்கினாங்க. ஊன்றுகோலோட வந்த பெரியவர் ஒருத்தர், தம்பி, நான் இப்ப மொத்தம் எட்டு தடவை மூழ்கியாச்சு, இன்னும் அழுக்குப் போகலையான்னு என்கிட்ட கேட்டாரு. துணி துவைக்கிற மாதிரி துவைச்சாங்க ஜனங்களை. ஒவ்வொருத்தர் தலை வெளிய வந்ததும் ஒருத்தன் நோட்டுல டிக் போடுவான். ஆமென்னு சொல்றதுக்கு முன்னாடி டிக்.

நான் ஏன் தண்ணி நிரப்பினேன்னுதானே பார்க்கறீங்க. ரெண்டு பேருக்கும் நிரப்பினேன். வேலைக்காரன் நான், எந்தப் பக்கமும் இல்லைன்னு சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லிக்கிறது எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா.

விடியக்காலைலேருந்து இருட்டற வரைக்கும் ஓட விட்டா எந்த ஹீட்டர் தாங்கும்? நவம்பர் இருபத்தி நாலு, உள்ள சூடு பண்ற கம்பிச் சுருள், காயில்னு சொல்வாங்க, அது எரிஞ்சு போச்சு. புதுசு வாங்க ஒரு கையெழுத்து வேணும்னு பாஸ்டர்கிட்ட போனேன். நான் வாங்கி மாட்டினா, பொதுச் சொத்துல கை வெச்சேன்னு அவங்க வக்கீல் எழுதுவான்னாரு. மச்சான்கிட்ட போனேன். அவரு அதே வார்த்தையை அச்சு மாறாமச் சொன்னாரு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்க மேடம். கடைசியில என் பேர்ல நானே கடைக்குச் சொல்லி வெச்சேன்.

சரி, அங்கி. தொட்டுப் பாருங்க. அடி மடிப்புல கனமா இருக்குல்ல? ஈயக் குண்டு. தூண்டில்ல கட்டுவாங்களே, அது. தண்ணியில இறங்கினா துணி மேல மிதந்து வந்துடும், பொம்பளைங்களுக்குச் சங்கடம். அதுக்காக என் வீட்டுக்காரி ஒவ்வொரு மடிப்புலயும் பன்னெண்டு குண்டு வெச்சுத் தைச்சா. இது மாதிரி பதினேழு. இந்தப் பதினெட்டாவதைப் பாருங்க. குண்டு இல்லை, கோட்டு பட்டன். ஈயம் தீர்ந்து போச்சுன்னு வீட்டுல கிடந்த பழைய பட்டனை வெச்சுத் தைச்சுக்கிட்டா. இது அவ அளவு. ஊர்ல பாதிப் பேருக்குத் தைச்சிருக்கா. தனக்குன்னு அளவெடுத்துத் தைச்சது இது ஒண்ணுதான். இதைத்தான் மேடம் கேக்கறேன்.

அவளையே வந்து கேக்கச் சொல்றீங்களா. இருங்க, சொல்றேன்.

நவம்பர் ஒம்பதாம் தேதி அண்ணன் கூப்பிட்டாருன்னு போய் ஒரு முழுக்கு எடுத்துட்டு வந்தா. அப்ப தண்ணி நல்ல சூடு, ஒண்ணும் ஆகலை. அப்புறம் பாஸ்டர் வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிட்டாரு. உங்க அம்மாவை அடக்கம் பண்ணினது நான், உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது நான், நீயே அந்தப் பக்கம் போனா நான் எங்கே போவேன்னு கண்ணைக் கசக்கினாரு. இவ இளகிட்டா. என்னடி இது, ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணுவியான்னேன். தண்ணியில இறங்கறதால ரெண்டு பேர் வாயும் மூடும்னா இறங்கிட்டுப் போறேன், எனக்கென்ன குறைஞ்சுடும்னா.

நவம்பர் முப்பது, ஞாயித்துக்கிழமை. மறுநாள் பட்டியல் குடுக்கணும். குழாய்த் தண்ணி, ஐஸ் மாதிரி. ரெண்டு நாள் பொறுங்க, காயில் வந்துடும்னு பாஸ்டர்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பொறுத்தா கட்டடம் போயிடும்னாரு. பன்னெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க, முதல் ஆளு இவ. ஏற்கனவே இழுப்பு உள்ள உடம்பு. முதல் முழுக்கு, பிதாவுக்கு. எழுந்தா. ரெண்டாவது, குமாரனுக்கு. எழும்போதே மூச்சு கிடைக்கலை, படியைப் பிடிக்கக் கையை நீட்டறா. போதும் பாஸ்டர்னு நான் கத்தறேன். ஆவியானவரைப் பாதியில விடக்கூடாதுன்னுட்டு தலையைப் பிடிச்சு மூணாவதும் அமுக்கினாரு. டிக் போட்டாங்க.

நாலாம் நாள் நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரி. ஒரு நாள், பார்வையாளர் நேரத்துல ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வந்துட்டாங்க. பாஸ்டர் தோள்ல கட்டு. ஆளுக்கொரு காகிதம், எந்த முழுக்கு என் முழுக்குன்னு இவ கையெழுத்துப் போடணுமாம். முகத்துல ஆக்சிஜன் மாஸ்க்கோட கிடக்கறவகிட்ட. அண்ணன் இந்தப் பக்கம் நின்னு, குமாரன் படைக்கப்பட்டவர்தானேம்மாங்கறாரு. பாஸ்டர் அந்தப் பக்கம் நின்னு, இல்லை, பிதாவும் அவரும் ஒரே தன்மைங்கறாரு. இவ கையைத் தூக்கி எதையோ காட்டறா. ரெண்டு பேரும் தன்னைத்தான் காட்டறான்னு நெனச்சாங்க. அவ காட்டினது தண்ணி ஜாடி. மச்சான் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு. நர்ஸ் ஓடி வந்து, உங்க சாமி சண்டையை ரோட்டுல போய் வெச்சுக்கோங்கய்யான்னு ரெண்டு பேரையும் தள்ளி விட்டுட்டு, அவதான் ஸ்பூன்ல ஊட்டினா.

டிசம்பர் பதினாலு விடியக்காலை அஞ்சு இருபதுக்குப் போயிட்டா மேடம். இன்னிக்குப் பதினேழு. மூணு நாளாப் பிணவறையில இருக்கா, ஏன்னா ரெண்டு பேருமே எங்க உறுப்பினர், நாங்கதான் அடக்கம் பண்ணுவோம்னு மனு குடுத்திருந்தாங்க. ரெண்டு பட்டியல்லயும் அவ பேரு இருக்கு. அதுல நாப்பத்தி மூணாவது, இதுல அறுபத்தி ஏழாவது. இன்னிக்குக் காலைலதான் புருஷன்தான் முடிவு பண்ணணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பொதுச் சுடுகாட்டு ஓரத்துல ஒரு குழிக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் நாலு மணி. ஜெபம் பண்ண யாரையும் கூப்பிடலை. அவ அளவுல வேற நல்ல துணி வீட்டுல கிடையாது.

என்ன மேடம் அடிச்சு எழுதறீங்க? பதினேழா? ரொம்ப நன்றி. பை கொண்டு வந்திருக்கேன், மடிச்சு வெச்சுக்கறேன். பூஞ்சை வாடை அடிக்குது, வெயில்ல ஒரு உதறு உதறினாப் போயிடும்.

பாஸ்டர் மேல கேஸ் போடணுமா? அவரைச் சொல்றீங்க. போடலாம். மச்சான் மேலயும் போடலாம். அந்த மூஞ்சிகளைப் பார்த்தா இப்பவும் எனக்கு எச்சில் ஊறுது, துப்பறதுக்கு. ஆனா அவ இறங்கினது அவங்க சொல்லி இல்லை. முதப் படியில நின்னு எல்லாரையும் மாதிரி என்னைப் பார்த்தா. தண்ணி எப்படிங்க இருக்குன்னா. பின்னாடி பதினோரு பேர் நிக்கறாங்க, பாஸ்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னை முறைக்கிறாரு, சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுச்சு. வழக்கம் போல முழங்கையை விட்டேன். வெதுவெதுன்னுதான் இருக்கு, இறங்குன்னேன்.

எழுதிக்கோங்க மேடம், இன்னும் ஒண்ணு பாக்கி. தொட்டி ஹீட்டர் ஒண்ணு, காயில் எரிஞ்சது. அதுக்குப் புதுக் காயில் ஒண்ணு, டிசம்பர் ரெண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வந்துச்சு. டப்பாவைப் பிரிக்கலை.