ஆள்நடைத் தண்ணீரும் ஆவுடையப்பன் சைக்கிளும்

பெயர் மாடத்தி. வயது சுமார் நாற்பது. தொழில் விவசாயம். தென்காசி தாலுகா, கடைக்குளம் கிராமம், கீழத்தெரு. கணவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. உடன் வந்த தலையாரி சொல்ல, சுடலைக்கண்ணு என்று எழுதப்பட்டது. அவர் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எங்கோ இருக்கிறார். மேலமடைப் பண்ணையார் ஆவுடையப்பன் கொடுத்த பிராதின் பேரில், 1943-ம் வருஷம் மாசி மாதம் சப் இன்ஸ்பெக்டர் அய்யா முன்பாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலும் யாருக்கும் பயப்படாமலும் நான் சொன்னதாவது:

மேற்படி கிராமத்தில் எனக்கு ஒரு துண்டு நஞ்சை உண்டு. அது கடைக்குளத்துத் தண்ணீரில்தான் விளைய வேண்டும். குற்றாலத்தில் விழுந்து சிற்றாறாக வருகிற தண்ணீர் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, கால்வாயில் இறங்கி, முதலில் மேலமடை வயல்களுக்கும் கடைசியில் எங்கள் குளத்துக்கும் வருகிறது. சாரல் காலத்தில் யாரும் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. மாசியில் ஆறு மெலிந்துவிட்டால் முறை வைத்துப் பாய்ச்சுவது வழக்கம். எங்கள் முறை வரும்போது மேலமடைக்காரர்கள் தங்கள் மடைகளைப் பலகை போட்டு அடைப்பார்கள். அதன் பின்பு அவ்வூர் மடைக்காரன் கால்வாய்க் கரையோடு நடந்து எங்கள் குளத்துக்கு வந்து, மதகுக் கல்லைத் தொட்டு, "தண்ணி ஒங்களுக்கு" என்று சொல்லி, நாங்கள் கொடுக்கும் கூழைக் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்து போவான். அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேலமடையில் பலகையைத் தூக்கலாம். அது வரைக்கும் கால்வாய்த் தண்ணீர் முழுவதும் எங்களுடையது. இதற்கு ஆள்நடைத் தண்ணீர் என்று பேர். கடிகாரம் பார்த்து வைத்த ஏற்பாடு அல்ல. என் மாமனாருக்கும் முந்தின காலத்து ஏற்பாடு.

காய்ந்து கிடக்கிற கால்வாயில் தண்ணீர் மணலைக் குடிக்கவிட்டு மெதுவாகத்தான் வரும். ஆகவே நடந்து வருகிற ஆளும் தண்ணீரும் ஏறக்குறையச் சேர்ந்தே வந்து சேர்வார்கள். அவன் திரும்பி நடக்கிற நேரம்தான் எங்கள் குளம் பெருகுகிற நேரம். இதைச் சின்னப் பிள்ளைகளும் அறியும். பண்ணையாரும் அறிவார்.

இந்த வருஷம் பிசானப் போகத்து நெற்பயிர் கதிர் வாங்குகிற சமயத்தில், ஆவுடையப்பன் தமது மடைக்காரன் இசக்கிப்பாண்டிக்கு ஒரு சைக்கிள் கொடுத்தார். குற்றாலத்துப் பங்களாவில் சீசனுக்குத் தங்கியிருந்த ஒரு துரையிடம் வாங்கியது. யார் எதில் போனால் எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். அதன் பின்பு எங்கள் முறை வந்த அன்று காலையில் நானும் பக்கத்து வயல்காரி தங்கத்தாயும் கூழ்க் கலயத்தோடு மதகில் நின்றோம். கரை நெடுகிலும் மேடு பள்ளம் கிடையாது. சைக்கிளுக்கென்றே போட்டது போல் இருக்கும். தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. இசக்கிப்பாண்டி சீட்டியடித்துக்கொண்டு வந்து இறங்கினான். சட்டையில் வேர்வை இல்லை. காலில் மண் இல்லை. மதகுக் கல்லைத் தொட்டு, "தண்ணி ஒங்களுக்கு" என்றான். நான் கால்வாயை எட்டிப் பார்த்தேன். ஓணான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, தண்ணி எங்கலே?" என்று கேட்டேன்.

"பின்னால வருதுக்கா" என்றான்.

"பின்னால வருதுன்னா நீ எதுக்குலே முன்னால வந்த?"

அவன் கூழைக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அதன் பின்பு வெகு நேரம் கழித்து, சருகும் நுரையுமாகக் கொஞ்சம் தண்ணீர் வந்து மதகுக்கு அருகில் நனைத்துவிட்டு நின்றுபோயிற்று. அதற்குள் அவன் மேலமடை போய்ச் சேர்ந்துவிட்டதால் அங்கே பலகைகளைத் தூக்கிவிட்டார்கள். வழியில் இருந்த தண்ணீரை மணல் குடித்துவிட்டது.

அதன் பின்பு நானும் தங்கத்தாயும் மேலமடை கிராம முன்சீப்பிடம் போய் முறையிட்டோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஆளு போய்த் திரும்பணும், அதானம்மா வழக்கம்? போனான், திரும்புனான். இதுல என்ன தப்பு?" என்றார். "நாளைக்கு மோட்டார்ல வந்தாலும் இப்படித்தான் சொல்லுவியளா?" என்று கேட்டேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பயிர் கருகுவது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இந்த வாக்கியம் வழக்குக்குத் தேவையில்லை என்று சப் இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னார். தேவை என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

ஆவுடையப்பன் வழக்கத்தை வெளிப்படையாக மீறமாட்டார். மேலமடைக்கு முதல் தண்ணீர் என்பதும் அதே வழக்கத்தில்தான் இருக்கிறது. அதை உடைத்தால் அவருக்கே நஷ்டம். ஆகவே ஆளையும் அனுப்பி, கல்லையும் தொடச் சொல்லி, கூழையும் குடிக்கவைத்து, தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார். வரப்பை வெட்டித் தண்ணீர் திருடுகிறவனை நான் மன்னிப்பேன். அவனுக்குப் பிடிபடுகிற பயமாவது இருக்கும்.

அடுத்த முறையும் அப்படியே நடந்தது. என் வயல் வெடித்தது. வெடிப்பில் கை போகும். கதிர் பாலேறாமல் வெளுக்கத் தொடங்கியது. ஊரெல்லாம் அரிசிக்கு அலைகிற காலத்தில், கதிர் வந்த பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடு என்று இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களை நான் என்ன சொல்லி ஏசினேன் என்பது இங்கே எழுதப்படவில்லை.

அதன் பின்பு மூன்றாவது முறை அன்று இசக்கிப்பாண்டி வழக்கம் போல் தண்ணீருக்கு முன்னால் வந்து, சைக்கிளைப் பனைமரத்தில் சாத்திவிட்டு, கல்லைத் தொட்டுவிட்டுக் கூழ் கேட்டான். தங்கத்தாய் ஊற்றினாள். அவன் அண்ணாந்து குடிக்கும்போது நான் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கரையிலிருந்து குளத்துக்குள் இறங்கினேன். குளத்தில் அப்போது முழங்கால் அளவு சேறும் தண்ணீரும்தான் இருந்தது. மதகுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் சைக்கிளைச் சாய்த்து, அது மறைகிற வரைக்கும் மிதித்தேன். அவனை நான் தொடவில்லை. அரிவாள் என் இடுப்பில் இருந்ததாகப் பிராதில் கண்டிருப்பது பொய். அரிவாள் வீட்டில் இருந்தது.

அவன் கலயத்தைக் கீழே போட்டுவிட்டு, "யக்கா, முதலாளி என்னைய உரிச்சிருவாரே! நான் என்ன செய்யட்டும்?" என்று அழுதான். "நடலே" என்று சொன்னேன்.

அவன் நடந்து போனான். அதன் பின்பு தண்ணீர் வந்தது. அவன் கரையில் புள்ளியாகத் தெரிகிற வரைக்கும் வந்தது, அவன் மறைந்த பிறகும் வந்தது. சாயங்காலத்துக்குள் சைக்கிள் கிடந்த இடத்தில் கழுத்து மட்டம் தண்ணீர் நின்றது. அன்று என் வயல் பாதி நனைந்தது.

மறுநாள் கான்ஸ்டபிள் ஒருவரும் ஆவுடையப்பனும் குளத்துக்கு வந்தார்கள். "மதக முழுசாத் தெறந்து விடுங்க, தண்ணி வடிஞ்சா வண்டி தானாத் தெரியும்" என்று பண்ணையார் கான்ஸ்டபிளிடம் சொன்னார். மதகை ஒரேயடியாகத் திறந்தால் வயல் கொள்ளாது. குளத்துத் தண்ணீர் எல்லாம் ஓடையில் விழுந்து யாருக்கும் இல்லாமல் போய்விடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நான் அதற்கு மேல் நிற்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குளத்தில் குதித்து, முங்கி, சைக்கிளில் கயிற்றைக் கட்டினேன். முதல் தடவை மூச்சு முட்டியது. இரண்டாவது தடவை கட்டிவிட்டேன். கரையிலிருந்து தங்கத்தாய் இழுத்தாள். கான்ஸ்டபிளும் ஒரு கை கொடுத்தார். பண்ணையார் கை கொடுக்கவில்லை. வில்வண்டியில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

அதன் பின்பு சைக்கிளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டும் என்று கான்ஸ்டபிள் சொன்னார். நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லி, அவர் பின்னால் வர, கால்வாய்க் கரையோடு தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். வழியில், இந்த வண்டியை என்ன செய்வீர்கள் என்று அவரிடம் விசாரித்தேன். வழக்குச் சொத்து என்பதால், கேஸ் நடந்து தீர்ப்பாகும் வரைக்கும் சர்க்கார் வசம் இருக்கும் என்றும், பிராது கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிடுவோம் என்றும் அவர் சொன்னார். இதைச் சொன்னதற்காக அவர் மீது கோபப்பட வேண்டாம் என்று அய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலமடைத் தெருவழியாக வந்தபோது பொம்பளை சைக்கிள் தள்ளுகிறாள் என்று வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஆவுடையப்பன் தமது வீட்டு வாசலில் நின்றிருந்தார். கான்ஸ்டபிள் காதில் விழும்படியாக, "ஏட்டி மாடத்தி, நடந்தது நடந்துபோச்சு. வண்டிய இங்கன விட்டுட்டு வீட்டுக்குப் போ. கேஸ நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார். கான்ஸ்டபிளும், "பெரிய மனுஷன் எறங்கி வாராரு, கும்பிட்டுட்டுப் போம்மா" என்றார்.

பெரிய மனுஷன் எதற்கு இறங்கி வந்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் முறை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஒரு தண்ணீர் கிடைத்தால் மணி முற்றும்; கிடைக்காவிட்டால் வைக்கோல்தான். யுத்தத்தில் டயரும் டியூபும் கிடைக்காத நாளில் வேறு சைக்கிள் அவருக்கு லேசில் அமையாது. ஆகவே, "வாபஸ் வாங்காதிய. நான் களவாணிதான். கேஸ் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த சைக்கிள்தான் இப்போது இந்த ஸ்டேஷன் வராந்தாவில் நிற்கிறது.

சமாதானமாகப் போக இஷ்டமா என்று அய்யா கேட்டார். இஷ்டமில்லை. செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இரண்டு முறைத் தண்ணீரை விட்டுவிட்டு மூன்றாவதில் செய்தேனே என்று வருத்தப்படுகிறேன். தண்டனை கிடைக்கும் என்று எச்சரித்தார். என்னை உள்ளே வைத்தால் தங்கத்தாய் என் வயலைப் பார்த்துக்கொள்வாள். என் பக்கத்து மனு ஒன்றே ஒன்றுதான்: விசாரணையை அவசரப்படுத்த வேண்டாம், அறுப்பு முடிந்து களத்தில் நெல் விழுகிற வரைக்கும் மேற்படி சைக்கிளைப் பூட்டி வைக்க வேண்டும்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் பட்ட கோபம் மட்டும் இதில் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் நிஜம்.

(மாடத்தி, இடது கைப் பெருவிரல் ரேகை)