எதற்குக் கைதென்று கேட்ட நடுவருக்கு

நீதியின் இருக்கையில் நிமிர்ந்தமர்ந்து, நிற்பவன் நிலையறிந்து நெறி வழுவாது ஆணையிட்ட நேர்மைச் செல்வியே, பணி நிறைவு பெறும் மாண்பமை நடுவர் குர்ஷித் பேகம் அம்மையாரே, வணங்கி மகிழ்கிறோம்.

காவலர் கொண்டுவந்து நிறுத்தும் எவரையும், "உங்கள எதுக்குப் புடிச்சாங்க, சொல்லுங்க" என்று கேளாமல் தாங்கள் சிறைக்கு அனுப்பியதில்லை. அக்கேள்வியால் எங்கள் மதியச் சோறு ஆறிப்போன நாட்கள் அநேகம். முணுமுணுத்தோம், மறைப்பானேன்?

தாடிக்கொம்பு ஒச்சம்மாளை நாங்கள் மறக்கவில்லை. பூச்சந்தைத் தகராறில் ஒருவர் மண்டையை உடைத்ததாக ஒச்சம்மாளின் மகன் பொன்னுத்துரையைக் கொண்டுவந்தார்கள். அடிபட்டவரின் உறவினர் வாசலில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவனோ, "தெரியலம்மா. இங்கிலீசுல ஒரு தாளக் குடுத்துக் கையெழுத்து வாங்குனாக" என்றான். புரியும் மொழியில் காரணம் எழுதித் தராத கைது செல்லாதென்று, அத்தனை கொதிப்புக்கும் நடுவே அவனை விடுவித்தீர்கள். ஒச்சம்மாள் தங்களைத் தெய்வமாகவே கும்பிட்டார்.

சில நாளில் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து, சாட்சிகளை அவன் மிரட்டியதற்கு ஆதாரத்தோடு மீண்டும் கொண்டுவந்தார்கள். இம்முறை கைதின் காரணத்தை அவனே சொன்னான். இலவச வக்கீலை அமர்த்தி அவன் தரப்பையும் கேட்டபின், காவலில் வைக்க ஆணையிட்டீர்கள். ஒச்சம்மாள் ஓடிவந்து தங்களிடமே கேட்டார்.

"அன்னைக்கு விட்டீகளே தாயி, இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"அன்னைக்குக் காரணம் சொல்லாம அடைக்கப் பாத்தாங்க. இன்னைக்குச் சொல்லிட்டாங்க, ஆதாரமும் இருக்கு. இது தப்புன்னு பட்டா மாவட்டக் கோர்ட்டுக்குப் போங்கம்மா. அந்த வக்கீலே வருவாரு" என்றீர்கள்.

தங்கள் ஆணைக்கு எதிராகவே வழிகாட்டிய தங்களைக் கண்டு அன்று எங்களுக்குக் கண் கலங்கியது.

வழக்கு வேறு மன்றத்தில் முடிந்து பொன்னுத்துரை தண்டனை பெற்றான். தாங்கள் ஓய்வு பெறுவதைக் கேள்வியுற்று, போன வாரம் ஒச்சம்மாள் வந்து தாமும் விழாவுக்கு வரலாமா என்றார். மகனை உள்ளே அனுப்பியவரை வாழ்த்தவா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டோம்.

"செஞ்சதுக்கு எம்மவன் உள்ள இருக்கான். ஆனா அவன மனுசனா நிறுத்திக் கேட்டுத்தேன் அனுப்புனாக" என்றார்.

இதற்குமேல் புகழ எங்களுக்குத் தமிழில்லை. நோயணுகா உடலும் நிறைந்த உறக்கமும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழத் தாங்கள் நெடிது வாழ்க.

என்றும் தங்கள் அன்பில்,
நடுவர் நீதிமன்ற ஊழியர்கள், திண்டுக்கல்.