டம்ளரும் பாராட்டு மடலும்

எங்கள் வீட்டில் சிலந்தியைக் கொல்வதில்லை. அது என் மனைவி போட்ட சட்டம். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, அலுங்காமல் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வேலை என்னுடையது. எங்கே விட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

அவளுடைய அண்ணன் ஒரு வாரம் தங்க வந்தார். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. என் அறையில், என் கட்டிலில் அவர். ஹாலில், ஃபிரிஜ்ஜின் முனகலோடு நான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவர் நிபுணராகவும் இருந்தார். மூலையில் நூல்கால்களோடு தலைகீழாகத் தொங்கிய ஒன்றைக் காட்டி, "கொடிய விஷம் மாப்ள. கடிச்சா ஆள் காலி" என்றார். அது பரம சாது. ஊதினால் கூச்சத்தில் ஆடும், அவ்வளவுதான்.

"அப்ப இது, மச்சான்?" என்று சுவரில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலச் சிலந்தியைக் காட்டினேன்.

"அது அதோட அம்மா" என்ற பதில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

எனக்கு யோசனை பிறந்தது அப்போதுதான்.

அட்டை கனமாக இருக்க வேண்டும். அவர் ஓய்வுபெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த பாராட்டு மடல் கச்சிதமாக இருந்தது. குளியலறைச் சிலந்தி அவர் தலையணைக்குக் குடிபோனது. ஜன்னலில் தத்தித் திரிந்த குட்டிக் கறுப்பன் செருப்புக்குள். வயிற்றடியில் வெள்ளை முட்டைப் பையைச் சுமந்த அந்த அகலக்காரிக்கு மட்டும் அவருடைய கோட்டுப் பை. வீட்டுக்குள்ளும் கோட்டு போடுகிறவர் அவர். பிரசவத்துக்கு அமைதி வேண்டுமல்லவா?

குஞ்சு பொரித்த காலையில் மச்சான் ஒட்டடைக் குச்சியோடு நாற்காலிமேல் நின்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "பயமே கூடாது மாப்ள. அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படணும்." வியர்வையைத் துடைக்கக் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முகம் முழுக்கத் துடைத்தார். முகம் நகர ஆரம்பித்தது. பிறகு நாற்காலி, பிறகு அவர்.

"கால் ஒடஞ்சிருக்கு. மூணு மாசம் அசையக் கூடாது" என்றார் டாக்டர். என் கட்டிலில்தான்.

"பாவங்க அண்ணன். நீங்கதான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்" என்றாள் மனைவி.

பார்த்துக்கொள்கிறேன். மாவுக்கட்டுக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருக்கிறது. இருட்டு, கதகதப்பு, யார் தொந்தரவும் கிடையாது. நேற்று குளியலறையில் இன்னொரு தாய் முட்டைப் பையோடு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தாள். அறை இல்லாதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். மச்சான் அசந்து தூங்கும்வரை டம்ளரோடு காத்திருந்து, அவளைப் பத்திரமாக உள்ளே அனுப்பிவைத்தேன்.

எந்த உயிருக்கும் நான் தீங்கு நினைத்ததில்லை.