வால்வை மூடியது நான்தான்

எனது பெயர் ஸெய்னுதீன் ஸல்ஹா. வயது முப்பத்திரண்டு. கிண்ணியா, பெரிய பள்ளிக்குப் பின்வீதியில் வசிக்கிறேன். சீனக்குடாவிலுள்ள தனியார் இலத்திரனியல் சில்லுத் தொழிற்சாலையொன்றில் பொறியியலாளர். என்மீது தொழிற்சாலை முறைப்பாடு செய்திருப்பதை அறிந்து, யாரும் அழைத்து வராமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

அங்கு காலியம் என்ற உலோகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த குறைகடத்தித் தகடுகளைத் தேய்த்து, தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான சில்லுகளாக வெட்டுகிறோம். இவ்வருடம் வந்த புதிய இயந்திரம் தகட்டைத் தலைமயிரின் பருமனுக்குத் தேய்க்கும். தகடு மெலிந்தால் சில்லு அவ்வளவாகச் சூடாகாது. ஆனால் தேய்ந்து விழும் தூள் கூடும். அத்தூளில் ஆர்சனிக் நஞ்சு உண்டு. கழிவுநீரை வடிகட்டும் தொட்டியோ பழையதுதான்.

நேற்றுக் காலை தொட்டி நிரம்பியது. அதன்பின் முகாமையாளர் இராகுலன் கழிவுநீரைக் குடாவுக்குப் போகும் வாய்க்காலில் திறந்துவிட்டார். நான் தடுத்தேன். "இண்டைக்கு மட்டும்தானே ஸல்ஹா. கடல் பெரிசு" என்றார். "வாய்க்கால் வாயில பொம்பிளைங்க மட்டி எடுக்கிறாங்க சேர், ஏலாது" என்றேன். "வந்த ஓடரை முடிச்சு அனுப்புவம், பிறகு கதைப்பம்" என்று சொல்லித் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அதன்பின் நான் போய், வாய்க்காலுக்கு நீர் விடும் வால்வை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்தேன். நீர் போக வழியின்றி இயந்திரம் நின்றது. உள்ளிருந்த தகடுகள் எல்லாம் உடைந்தன. உடையும் என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் கரைக்கு ஓடி, இடுப்பளவு நீரில் சிப்பி பொறுக்கிக்கொண்டு நின்ற ஆமினா உம்மாவைக் கூப்பிட்டு, எடுத்த மட்டியைக் கொட்டச் சொன்னேன். "காலத்தால இருந்து எடுத்தது புள்ள" என்றார். "தண்ணியில நஞ்சு உம்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தார். மற்றப் பெண்களையும் அவரே சத்தம் போட்டுக் கரையேற்றினார். என் போத்தலில் இருந்த குடிநீரால் அவர்களுடைய கைகளைக் கழுவிவிட்டேன், தண்ணீர் போதவில்லை.

இன்று காலை இராகுலன், தவறுதலாக மூடியதாக எழுதித் தந்தால் முறைப்பாட்டை மீளப் பெறுவதாகச் சொன்னார். மறுத்தேன். இதைப் பதிவுசெய்யும் உத்தியோகத்தரும் எனது நன்மைக்காக 'தவறுதலாக' என்று போடலாமா எனக் கேட்டார். வேண்டாம். தெரிந்தே மூடினேன். மறுபடி திறந்தால் மறுபடி மூடுவேன். வாய்க்கால் நீரையும் மட்டியையும் பரிசோதனைக்கு அனுப்பும்படி கோருகிறேன். வால்வின் கைப்பிடியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதை நீதிமன்றத்தில் அன்றி எவரிடமும் கொடுக்கவேண்டாம்.

எழுதப்பட்டதை நானே வாசித்தேன். யாவும் உண்மை, ஒரு சொல்லும் மாற்றுவதற்கில்லை.

(ஒப்பம்) ஸெ. ஸல்ஹா