பகலில் எழுந்த புகை

தேனிலவுக்குப் போகிறவர்கள் தேவைக்கு மேல் துணி எடுத்துக்கொண்டு, குடிதண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். டோங்கா நாட்டில், இந்தப் பங்காயில் விருந்தினர் விடுதி நடத்துகிறவள் என்பதால் எனக்கு இது தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆளில்லாத தீவு வேண்டும் என்று வருகிற ஜோடிகளுக்கு நான்தான் தீவைத் தேர்ந்தெடுத்து, கூடாரமும் சாப்பாடும் கொடுத்துப் படகில் அனுப்பிவைப்பேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அதனால் மெலெசெய்னி தன் தேனிலவை என்னிடம் ஒப்படைத்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மெலெசெய்னி என் தம்பி மகள். தம்பியும் அவன் மனைவியும் புயலில் படகோடு போனபோது அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். குழந்தையை எப்படிப் பார்ப்பார்களோ என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அவள் கட்டிக்கொண்ட ஹனிதேலி நல்லவன். இதை நீங்கள் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் சனம்தான், ஆனால் ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன். மின்சார வேலை செய்கிறவன். பெண் பார்க்க வந்த அன்றே, யாரும் கேட்காமல் என் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசுவான். ஊர்ப் பெண்கள் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மூவரும் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அத்தை, ஒரு குடிசைகூட இருக்கக் கூடாது," என்றாள் மெலெசெய்னி. "இந்த ஊர்ல காலையில தும்மினா, சாயங்காலம் மூணு சபைக்காரங்க வந்து உடம்புக்கு என்னன்னு கேக்குறாங்க."

"உன் புருஷனுக்குத் தேங்கா உரிக்கத் தெரியுமா? அங்க கடை கிடையாது."

"கத்துக்குறேன் அத்தை," என்றான் அவன். "விரல் போனா உங்ககிட்டதான் வருவேன்."

சிரித்தோம். நானும் உண்மையாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவன் சொன்னான்: "நாங்க ஆக்லாந்து போய்ச் செட்டிலானதும் நீங்களும் வந்துடுங்க அத்தை. எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு."

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் என் வீட்டில், என் மேசையில் உட்கார்ந்துகொண்டு, நான் வளர்த்த பெண்ணின் பக்கத்தில் எனக்கு ஒரு சும்மா கிடக்கிற அறையை ஒதுக்கிக்கொடுத்தான். எங்கள் வழக்கத்தில் அப்பாவுடைய அக்காவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அடுத்த வாரம் கல்யாணத்திலும் எனக்குத்தான் முதல் பாய் விரித்தார்கள், கேக்கின் பெரிய அடுக்கு எனக்குத்தான் வந்தது. அந்த மரியாதையெல்லாம் விமானம் ஏறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் வரைபடத்தில் தெற்குக் கோடியில் இருக்கிற ஒரு சின்னத் தீவின் மேல் விரலை வைத்தேன்.

அழகான தீவு அது. வெள்ளை மணல், புறா, நிறைய நிழல். நான் விருந்தினர்களை அங்கே அனுப்புவதில்லை. அதன் வெளிப்பாறையில் கிடைக்கும் பெரிய சிவப்பு மீனை எங்கள் மீனவர்கள் பிடித்தாலும் தூக்கி எறிந்துவிடுவார்கள். மற்ற இடங்களில் அதே மீனைச் சாப்பிடலாம். அந்தப் பாறையில் அது விஷம். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு வாந்தி, பேதி. குளிர்ந்த தண்ணீர் நெருப்பாகச் சுடும். கால் நிற்காது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தால் பெரும்பாலும் யாரும் சாவதில்லை.

மெலெசெய்னிக்கு இது தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மீன் சேராது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மீன் தின்னாத பிள்ளைக்கு எந்தப் பாறையில் எந்த மீன் ஆகாது என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவளுக்காக மாட்டிறைச்சி டின்களையும் வேகவைத்த சேம்பையும் பெட்டியில் அடுக்கினேன். அவனிடம் தூண்டிலைக் கொடுத்தேன்.

"வெளிப்பாறைப் பக்கம் போடு. செக்கச்செவேல்னு ஒண்ணு மாட்டும். பெரிசாப் பார்த்துப் பிடி. தலைதான் ருசி, விட்டுடாத."

"அத்தை சொன்னா தலையை விடுவேனா?" என்றான்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரம் வாந்தியெடுத்துக் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நோயாளியைத் துடைத்துக் கழுவுகிற வேலை என்னவென்று அவளுக்கும் தெரியட்டும். ஒரு மீனைத் தாங்காத ஆளோடு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவளே யோசிப்பாள். என் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் தப்பு இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அங்கே போன் எடுக்காது. போகிற ஜோடிகளுக்கு ஒரு கைரேடியோ கொடுத்தனுப்புவேன். அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சார்ஜ் ஏறவில்லை என்று சொன்னேன். அது அலமாரியில் முழு சார்ஜோடு இருந்தது. ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டால் அவன் நோயாளியாக இருப்பதை அவள் பார்க்க முடியாதே.

என் படகோட்டி மனாசேதான் அவர்களைக் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை போய்க் கூட்டிட்டு வந்துடவா அக்கா?" என்று கேட்டான். அவர்களிடமும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தேன்.

"திங்கக்கிழமை போ. புதுசாக் கட்டிக்கிட்டதுங்க, கூட மூணு நாள் இருந்துட்டு வரட்டும்."

அவன் அதை ரசித்தான். "உங்களுக்கு மனசு பெரிசு அக்கா," என்றான்.

மனாசேயைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு உங்களிடம் வந்தேன். மீன் விஷம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார், ஹனிதேலியின் அம்மாவும் அதை ஏற்றுக்கொண்டு அழுதுவிட்டுப் போய்விட்டாள். ஆனால் ஊர் மனாசேயைத்தான் பேசுகிறது. புகையைப் பார்த்துவிட்டும் போகாதவன் என்று அவன் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அவனும் அப்படித்தான் நம்புகிறான். நேற்று என் வாசலில் வந்து உட்கார்ந்து, "நான் போயிருக்கணும் அக்கா," என்று அழுதான். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அவன் மீன்பிடித்துவிட்டு நேராக என் சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, அந்தத் தீவுல புகை. வெள்ளையா, கெட்டியா நேரா மேல போகுது. பச்சை ஓலையைப் போட்டு எரிக்கிற மாதிரி இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன். டீசல் இருக்கு."

நான் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தேன். பகலில் பச்சை ஓலைப் புகை போட்டால் உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஐயா. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"கொசுவுக்குப் போட்டிருப்பாங்க," என்றேன்.

"இந்த வெயில்லயா?"

"மனாசே, உனக்குக் கல்யாணமான வாரம் உன் வீட்டு ஜன்னல்ல நான் வந்து எட்டிப் பார்த்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவன் முகம் சிவந்து, சிரித்து, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். போகச் சொல்லியிருந்தால் இருட்டுவதற்குள் திரும்பியிருப்பான். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் படகைத் தொடமாட்டார்கள். நான் ஆராதனைக்குப் போய்ப் பாடினேன். அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் ஹனிதேலி உயிரோடு இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம்தான் உயிர் போனதாம்.

திங்களன்று நானும் படகில் போனேன். படகு கரையை நெருங்கியபோது புகை இல்லை. மெலெசெய்னி அவனை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, கல்யாணப் பாயால் போர்த்தி, ஈ வராமல் ஓலையால் விசிறிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் கொப்பளித்திருந்தன. எட்டும் உயரத்தில் ஒரு ஓலைகூட மிச்சம் இல்லை. கொண்டுபோன தண்ணீரையெல்லாம் அவனுக்கே கொடுத்திருந்தாள், அதை அவன் வாந்தியெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். துடைத்துக் கழுவுவதில் அவள் சலித்துப்போனதாக எனக்கு எந்த அடையாளமும் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழமைன்னாங்களேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு அத்தை," என்றாள். "எங்க அத்தை எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருப்பாங்க, பயப்படாதீங்கன்னு சொன்னேன். சரின்னு படுத்துக்கிட்டாரு."

மனாசே மணலில் முட்டி போட்டுவிட்டான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியை வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மீன் விஷயத்தில் அவன் செத்துப்போவான் என்று எனக்குத் தெரியாது. புகை விஷயத்தில் தெரியும். கையில் மரவள்ளியும் கத்தியும் இருக்க, மனாசே பதிலுக்காக நிற்க, அங்கே யாரோ சாகிறார்கள் என்று தெரிந்துதான் அவனைச் சிரிக்கவைத்து அனுப்பினேன். சாகிறது மெலெசெய்னியாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனையும் வந்தது. வந்தும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் அடுப்பில் ஈர விறகு புகைந்தால் வெளியே போய் நின்றுவிடுகிறேன். போன பிறகும் அந்த வாசனை போவதில்லை.

மனாசேயை விட்டுவிடுங்கள். சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். என்னைத் தலைநகர் நுக்குவாலோபா சிறைக்குக் கொண்டுபோவதானால் வருகிறேன், துணி எடுத்துவைத்துவிட்டேன்.

மெலெசெய்னியை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆக்லாந்துப் பேச்சே இப்போது இல்லை. அதிகம் பேசுவதில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறாள், சின்னப் பிள்ளையில் தூங்கிய மாதிரியே. இதை அவளிடம் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று தெரியவில்லை. சொன்னால் அவளை யார் தேற்றுவார்கள்? பாவம், அவளுக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.