நீல டேங்க் வீடு

—எட்டி நீது, காலையிலேருந்து துணிக்கடையில நிண்டு நிண்டு காலு வீங்கிக் கெடக்கு. ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாலயே பஸ்ஸ விட்டு எறக்கிட்டியே, இந்த ஆத்தங்கரையில என்ன நடத்தம் வேண்டிக் கெடக்கு?

—நெய்யாத்துக் காத்து நல்லதாக்கும் ஜிஜியக்கா. மாம்பூ மணம் வருது பாருங்க.

—எனக்கு முந்திரிக் கொல்லாம்பழம் அழுகின மணந்தான் வருது. பின்ன கொசு. ஆரோ ரெண்டு பெஞ்சப் போட்டு, ஒரு போர்டும் வச்சு, இதுக்கு நடைபாதைன்னு பேரும் எழுதிட்டான். ஒரு பெஞ்சுக்குக் காலு இல்ல.

—அந்தப் பக்கம் தாழை முள்ளு. இப்படி வாங்க.

—வழி தெரிஞ்சவளாட்டு போறியே. முன்ன வந்திருக்கியா?

—ஒரு தடவ.

—ம்ம். இன்னைக்கு ஒருத்தி வந்தாளே, கண்டியா? முப்பது சேல விரிக்கச் சொல்லிட்டு, 'பொறவு வாறேன்'னு ஒரு சிரிப்பு. நீயும் ஊமையாட்டு விரிச்சுக் குடுத்திட்டே நிண்ட. நானாட்டு இருந்தா நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

—எனக்கு உங்க அளவுக்கு வாய் இல்லக்கா.

—அதுனாலதான் அஞ்சு வருசமா அதே மூலையில கெடக்க.

—அக்கா, அக்கரையில நீல டேங்க் வச்ச வீடு தெரியுதா? அனிலுக்க வீடாக்கும்.

—எந்த அனிலு? அய்யே! போன வருசம் என்னைப் பெண்ணு காண வந்தானே, அந்த அச்சப்பமா?

—அச்சப்பமா?

—பின்ன? தட்டுல வச்ச அச்சப்பம் முழுசையும் தின்னு தீத்தான். தலைய ஒண்ணு தூக்கணுமே! எங்க வேலைன்னு நான் கேட்டா, பதில் சொல்லுதது அவனுக்க அக்கா. கல்யாணத்தன்னைக்குப் போதகரு சம்மதமான்னு கேட்டா, அதுக்கும் அவதான் 'சம்மதம்'னு சொல்லுவா.

—பாவம், கூச்சக்காரரு.

—காரரா? அந்தச் சவத்துக்கு என்னட்டி மரியாத? மூணு வாரம் ஒரு தகவலும் இல்ல. பொறவு புரோக்கர் ராஜையா வந்து, 'அவியளுக்கு வேண்டாமாம்'னு சொல்லிட்டு, அம்மை போட்ட காப்பியையும் குடிச்சிட்டுப் போனாரு. காரணம் கேட்டா மோட்டுவளையப் பாக்காரு.

—வெசனமா இருந்திச்சா அக்கா?

—எனக்கா? அந்த மூஞ்சிக்கா? ...இருந்திச்சுட்டி. ரெண்டு மாசம் சபைக்கே போவல்ல. கண்ணாடி முன்ன நிண்டு, மூக்கு நல்லால்லியா, நெறம் கொள்ளாதான்னு பாத்திட்டே இருப்பேன். காரணத்தச் சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பேன்.

—அவருக்குக் கல்யாணம் உறப்பிச்சாச்சு. வாற ஞாயித்துக்கெழம நம்ம சபையில அறிவிப்பு வாசிப்பாவ.

—நம்ம சபையிலயா? அப்பம் பொண்ணு நம்ம ஆளாக்கும்! எந்தப் பாவப்பட்டவளாக்கும் போய் விழுந்தது?

—அறிவிப்புல நீங்க கேக்கதுக்கு முன்ன எனக்க வாயால சொல்லணும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.

—நீயா?

—நான்தான்க்கா.

—ஓ! நல்ல சோடி. ஒரு ஊமைக்கு இன்னொரு ஊமை. அக்காக்காரி பேசட்டும், நீங்க ரெண்டுபேரும் இருந்து அச்சப்பம் தின்னுங்க. செரி, உன்னை எங்க வச்சுக் கண்டாவ? ராஜையா கொண்டுவந்ததா?

—இல்ல. நம்ம கடையில வச்சு. அவருக்க அக்கா சேல எடுக்க வாற மாதிரி வந்தாவ.

—எப்பம்?

—உங்களப் பெண்ணு கண்டதுக்கு அடுத்த வாரம். நீங்க சாப்பிடப் போயிருந்திய.

—அப்பம் என்னைப் பத்தி விசாரிக்க வந்ததுல்லா! உங்கிட்ட கேட்டாளா?

—கேட்டாவ. 'ஜிஜி எப்பிடி, நல்ல பிள்ளதானா'ன்னு.

—நீ என்ன சொன்ன?

—அன்னைக்குக் காலையிலதான் எனக்க சுடிதாரப் பிடிச்சு, கடைக்கு வந்த ஆளுவளுக்கு முன்னால, 'இது தரை தொடைக்க துணியாட்டி'ன்னு கேட்டுச் சிரிச்சிய.

—அது தமாசுக்குச் சொன்னதுட்டி. நீ என்ன சொன்ன, அதச் சொல்லு.

—ஒண்ணும் சொல்லல்லக்கா. தலையக் குனிஞ்சு, விரிச்ச சேலைய எல்லாம் ஒவ்வொண்ணா மடக்கிட்டு நிண்டேன். வாயத் தொறந்து மிண்டாத பிள்ளைன்னு அவியளுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு.