நாலாம் எண் வீட்டுக் கையெழுத்து

"…அறுபது லேவா! ரெண்டு பேர் குளிக்கிறதுக்கு மாசம் அறுபது லேவா கரண்டு! நாங்க என்ன இங்க குதிரையா குளிப்பாட்டுறோம்? நீயே சொல்லும்மா... ம்ஹும், நீ எங்க சொல்லப் போற."

பெர்னிக் என்ற சுரங்க நகரத்து அடுக்குமாடி ஒன்றின் முதல் மாடியில், நாலாம் எண் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் ஸ்தாமென். எதிரே மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஈஸ்க்ரா, கையில் சம்மதத் தாளோடு. காஸ் குழாய் இவர் சமையலறை வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. இவர் ஒருவர்தான் பாக்கி. மாலை ஐந்து மணிக்குள் தாளை காஸ் கம்பெனி ஆபீசில் கொடுக்க வேண்டும்.

"எங்க பாய்லர் எண்பது லிட்டர் தொட்டிம்மா. எவனும் குளிக்கலைன்னாலும் சுட்டுக்கிட்டே கெடக்கும். மந்திரி மாதிரி, வேலை இல்லாட்டியும் சம்பளம்! போதாததுக்கு தண்ணியில இருக்கற சுண்ணாம்பு வேற உள்ள கம்பியில படிஞ்சு கெடக்கு. சுண்ணாம்பு தடிக்கத் தடிக்க பில்லும் தடிக்குது. காஸு அப்படியில்ல, குழாயைத் தொறந்தாத்தான் எரியும். சரி, வருஷா வருஷம் ஒருத்தன் வந்து புகைக்குழாயைப் பாக்கணும், அவனுக்குக் கூலி, காபி, ஒரு கிளாஸ் ரக்கியா சாராயம்... அதையும் சேத்துத்தான் போட்டுப் பாத்தேன். அப்பவும் காஸு பாதிதான் ஆகுது. கணக்குக்கே திமிரு!"

ஈஸ்க்ரா பேனாவை நீட்டினாள்.

"இரும்மா! ஸ்ட்ரைக்ல புடிச்சிட்டுப் போய் போலீஸ் அடிச்சப்பவே கையெழுத்துப் போடாதவன் நான். என் சம்சாரம் வெலிச்கா எங்கன்னு கேக்கலையே நீ? அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. குளிக்க! முட்டிவலிக்கு வெந்நீர்ல ஊறணுமாம். இங்க இடுப்பு நனையறதுக்குள்ள பச்சத்தண்ணி வந்துடுது. அங்க காஸாம். வெள்ளிக்கிழமை போனவ, இன்னிக்குப் புதன். அது என்னம்மா ஆறு நாள் குளியல்? 'வீட்ல வெந்நீர் வந்தா சொல்லி அனுப்பு'ங்கறா போன்ல. எனக்கு ஒரு பீன்ஸ் சூப் வைக்கத் தெரியாதுன்னு நெனப்பு. தெரியாதுதான்! அதுக்காக?

எல்லாம் இந்தக் கட்டடத்து ஜனங்களைச் சொல்லணும். பதினெட்டு வருஷம் முந்தியே கம்பெனிக்காரன் குழாயை இனாமாப் போட்டுத் தர்றேன்னு வந்து நின்னான். வேணாம்னு அத்தனை பேரும் கையைத் தூக்கினாங்க. ஆட்டு மந்தை! ... என்ன அப்படிப் பாக்கற? யாரோ சொல்லித்தான் தூக்கினாங்க. ஆமா, நான்தான்! இருபத்தாறு வருஷம் கரி வெட்டினவன். நம்ம கரியில நம்ம கரண்டு, எவனோட காஸோ நமக்கெதுக்குன்னு நோட்டீஸ் அடிச்சுக் கதவுக்குக் கதவு ஒட்டினேன். என்ன நோட்டீஸ் தெரியுமா! 'தோழர்களே, வெந்நீரிலும் மானம் உண்டு!' படிச்சவன்லாம் அழுதான். அடுத்த வருஷமே சுரங்கத்தை மூடிட்டான், அது வேற கதை... நில்லு, ஒரு பிரதி வெச்சிருக்கேன். கேட்டுட்டுப் போ."

நோட்டீஸ் உள்ளே ஒரு பழைய பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதைத் துழாவி எடுத்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, தன் சொந்தப் பேனாவையும் மூடி திறந்து பிடித்துக்கொண்டு திரும்பினால் வாசலில் ஆளில்லை. கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம்.

வாழ்நாளில் யார் பின்னாலும் ஓடாத ஸ்தாமென், வீட்டுச் செருப்போடு படிகளில் தடதடவென்று இறங்கினார்.

"ஏம்மா ஈஸ்க்ரா! நில்லும்மா! மாட்டேன்னு யாரு சொன்னா? நான் முன்னுரைதானே பேசிட்டிருந்தேன்!"